அழுத்தம் இறங்கினால் போதுமா?

பிரஷர் மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடம் நோயாளிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், இதில் எது ஹார்ட்டுக்கு நல்லது?" கேட்பதற்கு எளிய கேள்விதான். இதற்கு நம்பத்தக்க பதில் கிடைக்க மருத்துவ உலகம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்த பதிலையே பலர் இன்னும் பாதிதான் படித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். எல்லா மருந்தும் ஒன்றுதான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். புது மருந்துதான் உயர்ந்தது என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன். 'ஹார்ட்டுக்கு நல்லது' என்ற ஒரே கேள்விக்குள் குறைந்தது இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாரடைப்பைத் தடுப்பதில் எது சிறந்தது என்பது ஒன்று. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் எது சிறந்தது என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் முக்கிய மருந்துகளுக்கிடையே வேறுபாடு ஏறக்குறைய இல்லை. இரண்டாவதில் இருக்கிறது. அந்த வேறுபாடு கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியில் முழுமையாகத் தெரியாது. இன்று நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உயர் ரத்த அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்பதே ஒரு காலத்தில் ஐயத்துக்குரிய கருத்தாக இருந்தது. அதைத் தீர்த்தது, 1967இல் வெளியான, அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில் நடந்த ஆய்வு. ரத்த அழுத்தத்தின் கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில் 73 பேருக்கு மருந்தும் 70 பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு நேர்ந்தது. மருந்து எடுத்தவர்களில் இரண்டே பேருக்குத்தான். புள்ளியியல் படிக்காதவருக்கும் புரியும் கணக்கு அது. அந்த ஆய்வில் கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று ரெசர்ப்பின். அது நம் நாட்டின் சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது. அந்த மூலிகை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மேலை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுசென்றவர் பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். ஆண்டு 1949.

மருந்து வெல்லும் என்று தெரிந்தபின் மருந்துகள் பெருகின. 1958இல் சந்தைக்கு வந்த குளோரோதையசைடு, சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றும் தையசைடு வகைக்கு வழி திறந்தது. பின்னர் பீட்டா தடுப்பான்கள் வந்தன. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்த கேப்டோப்ரில், ஏசிஇ தடுப்பான் வகையின் முதல் மாத்திரை. நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பான்களும் சேர்ந்தன. இவற்றுக்கெல்லாம் சந்தையில் நுழைய ஒரே தேர்வுதான்: அழுத்தம் இறங்குகிறதா? இறங்கினால் அனுமதி. எத்தனை மாரடைப்பு குறைந்தது, எத்தனை பேர் மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கை அப்போது கேட்கப்படவில்லை. பழைய தையசைடு ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும், சர்க்கரையையும் கொழுப்பையும் சற்றே ஏற்றும். ஆகவே இந்தக் குறைகள் இல்லாத புதிய மருந்துகள் இதயத்தை இன்னும் நன்றாகக் காக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. சான்றுதான் இல்லை. 1995இல் குறுகிய நேரமே வேலை செய்யும் கால்சியம் தடுப்பான்களை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு அதிகமாகக் காணப்பட்டது என்று ஒரு ஆய்வு வெளியாகி நோயாளிகளைக் கலங்கடித்தது. அது நோயாளிகளின் பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வு. நோய் முற்றியவர்களுக்கே அந்த மருந்து எழுதப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் அதில் தீரவில்லை. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வு ஒன்றுதான் இதைத் தீர்க்கும்.

அந்த ஒப்பீடு 1994இலேயே தொடங்கியிருந்தது. அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் முன்னின்று நடத்திய 'ஆல்ஹாட்' ஆய்வு அது. 55 வயதை எட்டியவர்கள், உயர் ரத்த அழுத்தத்தோடு இதயநோய்க்கான இன்னொரு காரணியும் உடையவர்கள், 623 மருத்துவ மையங்களில் சேர்க்கப்பட்டார்கள். மொத்தம் 42,418 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஒரு பக்கம் மிக மலிவான பழைய தையசைடு வகை மருந்தான குளோர்தாலிடோன். எதிரே அம்லோடிபின், ஏசிஇ தடுப்பானான லிசினோப்ரில், டாக்சசோசின் என்று மூன்று புதியவை.

இவற்றில் டாக்சசோசினின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும், என் வாதத்தின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பான் அது. அழுத்தத்தைக் குறைத்தது. அதோடு கொலஸ்ட்ராலையும் சற்றுக் குறைத்தது. ஆய்வுக்கூட அறிக்கையை மட்டும் பார்த்துப் பரிசு கொடுப்பதென்றால் அதற்குத்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆய்வின் அந்தப் பிரிவு மட்டும் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மாரடைப்பில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. இதயச் செயலிழப்போ டாக்சசோசின் எடுத்தவர்களில் இரண்டு மடங்கு. நான்கு ஆண்டுக் கணக்கில் குளோர்தாலிடோன் பிரிவில் நூற்றுக்கு நாலரைப் பேர், டாக்சசோசின் பிரிவில் எட்டுப் பேர். இரு பிரிவுகளுக்கும் இடையே மேல் அளவில் இருந்த வேறுபாடு இரண்டு மூன்று புள்ளிகள்தாம். அந்தச் சிறு வேறுபாட்டால் இரட்டிப்பை விளக்க முடியாது. அழுத்தம் இறங்கியது, கொழுப்பும் இறங்கியது, ஆனால் இதயம் தளர்ந்தது. வெறும் அளவீட்டை நம்பி மருந்தைத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

மற்ற மூன்று மருந்துகளின் முடிவு 2002 டிசம்பரில் வந்தது. 33,357 பேர், சராசரியாக ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். மாரடைப்பும் அதனால் நேரும் மரணமும் ஆறு ஆண்டுக் கணக்கில் குளோர்தாலிடோனில் 11.5 விழுக்காடு, அம்லோடிபினில் 11.3, லிசினோப்ரிலில் 11.4. இதைவிட நெருக்கமான சமநிலையைக் கற்பனை செய்வது கடினம். பலர் இந்த வரியோடு தாளை மூடிவிட்டார்கள். அடுத்த வரிகளில்தான் செய்தி இருந்தது. இதயச் செயலிழப்பு குளோர்தாலிடோனில் 7.7 விழுக்காடு, லிசினோப்ரிலில் 8.7, அம்லோடிபினில் 10.2. பக்கவாதம் லிசினோப்ரில் எடுத்தவர்களில் 15 விழுக்காடு அதிகம், அதிலும் கறுப்பினத்தவரிடையே 40 விழுக்காடு அதிகம். மலிவான பழைய மாத்திரை எந்த முக்கியக் கணக்கிலும் தோற்கவில்லை, சிலவற்றில் வென்றது.

ஏன் இப்படி? இதயச் செயலிழப்பில் இதயம் நின்றுவிடுவதில்லை. வருகிற ரத்தத்தை முழுக்க முன்னே தள்ள முடியாமல் திணறுகிறது. உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன, கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. மாரடைப்பு வேறு வழியில் வருவது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயில் கொழுப்புப் படிவு வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து அடைக்கிறது. அழுத்தத்தை எந்த வழியில் குறைத்தாலும் குழாய்ச் சுவர் மீதான தாக்குதல் தணியும். ஆகவே மாரடைப்பில் மருந்துகள் சமமாக நிற்பதில் வியப்பில்லை. ஆனால் உப்பையும் நீரையும் வெளியேற்றுவது தையசைடின் நேரடி வேலை. குழாயை மட்டும் தளர்த்தும் மருந்து அதைச் செய்வதில்லை. ஆல்ஃபா தடுப்பானைக் கண்டு உடல் எதிர்வினையாக நீரைத் தேக்கவும் செய்கிறது. 1991இல் வெளியான, முதியோரிடம் நடந்த 'ஷெப்' ஆய்விலேயே குளோர்தாலிடோன், வெற்று மாத்திரையோடு ஒப்பிட, இதயச் செயலிழப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருந்தது. ஆல்ஹாட் சொன்னது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த செய்தி இல்லை.

இதற்கு எதிர்ப்புகள் எழுந்தன. எழ வேண்டியவைதாம். வலுவான எதிர்ப்பு இது: ஆய்வில் சேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் சிலர் எடுத்தது தையசைடு. அதை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாற்றினால், அதுவரை மறைந்திருந்த இதயத் தளர்ச்சி வெளியே தெரியும். அதைப் புது மருந்தின் பழியாக எழுதுவது நியாயமா? ஆண்டுவாரியாகக் கணக்கைப் பிரித்தபோது இதற்குப் பாதி ஆதரவு கிடைத்தது. முதல் ஆண்டில் அம்லோடிபினிலும் லிசினோப்ரிலிலும் இதயச் செயலிழப்பு இரண்டு மடங்குக்கு மேல். முதல் ஆண்டு கழிந்தபின் லிசினோப்ரில் குளோர்தாலிடோனுக்குச் சமமாகிவிட்டது. எனவே லிசினோப்ரிலைப் பொறுத்தவரை எதிர்ப்பாளர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அம்லோடிபினில் வேறுபாடு சுருங்கியதே தவிர மறையவில்லை. பிற்காலத்திலும் இருபது விழுக்காட்டளவு நீடித்தது. அம்லோடிபினுக்குக் கால் வீங்குவது தெரிந்த விஷயம், மருத்துவர்கள் அந்த வீக்கத்தையே இதயச் செயலிழப்பு என்று எழுதியிருப்பார்கள் என்றும் சொன்னார்கள். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்த அல்லது உயிரைப் பறித்த செயலிழப்பை மட்டும் தனியே எண்ணியபோதும் வேறுபாடு ஏறக்குறைய அதே அளவில் நின்றது. வெறும் கால் வீக்கத்துக்காக அவ்வளவு பேர் படுக்கையில் கிடந்திருக்க முடியாது. அம்லோடிபின் இதயத்தைக் கெடுக்கும் மருந்து என்று இதிலிருந்து யாரும் அஞ்ச வேண்டாம். 1996இல் வெளியான 'பிரெய்ஸ்' ஆய்வில், ஏற்கெனவே கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கே அதைக் கொடுத்துப் பார்த்தும் மரணம் கூடவில்லை. கேடு செய்வது வேறு, குறைவாகக் காப்பது வேறு.

இன்னோர் எதிர்ப்பு இன்னும் நுட்பமானது. மருந்துகளின் வேறுபாடு என்று நீங்கள் சொல்வதெல்லாம் அழுத்தத்தின் வேறுபாடுதான் என்கிறார்கள். ஆல்ஹாட்டில் ஐந்தாம் ஆண்டில் லிசினோப்ரில் பிரிவின் மேல் அளவு இரண்டு புள்ளி அதிகமாக இருந்தது; கறுப்பினத்தவரிடம் நான்கு புள்ளி. பக்கவாதம் கூடியதற்கு அது ஒரு பகுதிக் காரணம் என்பதை மறுக்க மாட்டேன். 2004இல் வெளியான, 15,245 பேரிடம் ஆஞ்சியோடென்சின் தடுப்பானான வல்சார்டனையும் அம்லோடிபினையும் ஒப்பிட்ட 'வேல்யூ' ஆய்வு இந்தக் கருத்துக்குப் பெரிய துணை. முதல் மாதத்தில் அம்லோடிபின் மேல் அளவை நான்கு புள்ளி கூடுதலாக இறக்கியது. பாதிப்புகளில் இடைவெளி பெரிதாகத் தெரிந்ததும் அந்தத் தொடக்க மாதங்களில்தான். 2009இல் லா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 147 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், இதயநோய்த் தடுப்பில் மருந்து வகைகள் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்தன. மேல் அளவில் பத்தும் கீழ் அளவில் ஐந்தும் குறைந்தால் மாரடைப்பு போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன, எந்த மாத்திரையால் குறைந்தாலும் சரி. மாரடைப்பைப் பற்றி இந்த வாதம் சரி என்றுதான் நானும் தொடக்கத்திலேயே சொன்னேன். ஆனால் அம்லோடிபினுக்கும் குளோர்தாலிடோனுக்கும் இடையே மேல் அளவு வேறுபாடு ஒரு புள்ளிகூட இல்லை. கீழ் அளவில் அம்லோடிபினே சற்று முன்னால் நின்றது. பிறகு எப்படி இதயச் செயலிழப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது? அழுத்தத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. பீட்டா தடுப்பானான அடினோலாலும் இதே பாடத்தை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. 2002இல் வந்த 'லைஃப்' ஆய்வில் 9,193 பேர். அடினோலாலும், வல்சார்டன் வகையைச் சேர்ந்த லோசார்டனும் அழுத்தத்தை ஏறக்குறைய சமமாகவே இறக்கின. மாரடைப்பிலும் வேறுபாடு இல்லை. பக்கவாதம் மட்டும் லோசார்டன் பிரிவில் நான்கில் ஒரு பங்கு குறைவு. மாரடைப்பு வந்து மீண்டவர்களுக்குப் பீட்டா தடுப்பான் தரும் காப்பு தனிக்கதை. பிரஷர் மட்டும் உள்ளவருக்கு அதை முதல் மாத்திரையாக எழுதும் பழக்கம் பல நாடுகளில் மெல்லக் கைவிடப்பட்டதற்கு இப்படிப்பட்ட ஆய்வுகளே காரணம்.

தையசைடின் குறைகளை நான் மறைத்துப் பேசுவதாக யாருக்காவது தோன்றலாம். ஆல்ஹாட்டிலேயே நான்கு ஆண்டில் புதிதாகச் சர்க்கரை நோய் அளவைத் தொட்டவர்கள் குளோர்தாலிடோனில் 11.6 விழுக்காடு, அம்லோடிபினில் 9.8, லிசினோப்ரிலில் 8.1. சர்க்கரை நோய் மலிந்த நம் சமூகத்துக்கு இது சிறிய செய்தி இல்லை. ஆனாலும் சர்க்கரையின் அளவும் ஓர் அளவீடுதான். அதனால் இதயம் கெட்டதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஷெப் ஆய்வில் சேர்ந்தவர்களைப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தையசைடு எடுத்தபோது தோன்றிய சர்க்கரை நோய், இதயநோய் மரணத்தைக் குறிப்பிடும் அளவில் கூட்டவில்லை. பொட்டாசியம் குறைவதும், முதியவர்களுக்குச் சோடியம் சரிவதும் உண்மையான ஆபத்துகள். ரத்தப் பரிசோதனை இல்லாமல் இந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கக் கூடாது. தையசைடுக்கு எதிரான உண்மையான சான்று 2008இல் வந்த 'அக்கம்ப்ளிஷ்' ஆய்வு. ஏசிஇ தடுப்பானான பெனசெப்ரிலோடு அம்லோடிபினைச் சேர்த்தவர்களுக்கு, அதே பெனசெப்ரிலோடு ஹைட்ரோகுளோரோதையசைடைச் சேர்த்தவர்களைவிட, இதயநோய்ப் பாதிப்புகளும் இதயநோய் மரணமும் சேர்ந்த கணக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஹைட்ரோகுளோரோதையசைடு வலுக்குறைந்தது, குளோர்தாலிடோன் கொடுத்திருந்தால் கதை வேறு என்று தையசைடு ஆதரவாளர்கள் நெடுநாள் சமாதானம் சொன்னார்கள். 2022இல் வெளியான ஆய்வில் 13,523 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் இவ்விரண்டையும் நேரடியாக ஒப்பிட்டபோது வேறுபாடு கிடைக்கவில்லை. குளோர்தாலிடோனில் பொட்டாசியக் குறைவுதான் சற்று அதிகம். சமாதானம் தளர்ந்துவிட்டது. ஆகவே மலிவான பழைய மாத்திரையே என்றும் முதலிடம் என்று நான் வாதிட வரவில்லை. அக்கம்ப்ளிஷிலும் அம்லோடிபின் இணை வென்றது மாரடைப்பு போன்ற பாதிப்புகளில். இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையில் அது வெல்லவில்லை என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

இந்த வேறுபாடுகளின் அளவையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அம்லோடிபினுக்கும் குளோர்தாலிடோனுக்கும் இடையே இதயச் செயலிழப்பில் ஆறு ஆண்டில் நூற்றுக்கு இரண்டரைப் பேர் வேறுபாடு. மொத்த மரணத்தில் வேறுபாடே இல்லை. எதிர்ப்பக்கத் தட்டில் 2015இல் வெளிவந்த 'ஸ்பிரின்ட்' ஆய்வை வைத்துப் பாருங்கள். மேல் அளவை 140க்குக் கீழே என்பதற்குப் பதில் 120க்குக் கீழே கொண்டுவர முயன்றபோது, 9,361 பேரில் முக்கியப் பாதிப்புகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. இதயச் செயலிழப்பு 38 விழுக்காடு குறைந்தது. அதற்குச் சராசரியாக ஒரு மாத்திரை மட்டுமே கூடத் தேவைப்பட்டது. மருந்துகளுக்கிடையே உள்ள தூரத்தைவிட, சரியாகக் கட்டுப்பட்ட அழுத்தத்துக்கும் கட்டுப்படாத அழுத்தத்துக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பு, பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதையும், அவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அது கட்டுக்குள் இல்லை என்பதையும் காட்டியது. எந்த மாத்திரை என்று நாம் நடத்தும் நுட்பமான விவாதம், மாத்திரையே எடுக்காதவருக்கு எந்தப் பயனும் தராது.

இந்தியப் பொதுச் சுகாதாரத் திட்டங்களில் பல இடங்களில் சிகிச்சை அம்லோடிபினில் தொடங்கி, பிறகு டெல்மிசார்டன், அதன்பின் தையசைடு என்று ஏறுவதை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு நேரம் தையசைடின் பக்கம் பேசிய நான் இதைக் குறை சொல்லப் போகிறேன் என்று எதிர்பார்க்காதீர்கள். துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் கையில் தரும் முதல் மாத்திரைக்கு முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை தேவைப்படக் கூடாது. கருவுறக்கூடிய பெண்ணுக்கு அது ஆபத்தாகவும் இருக்கக் கூடாது. அம்லோடிபின் இரண்டுக்கும் பொருந்துகிறது. டெல்மிசார்டன் கருவுக்கு ஆகாது, தையசைடுக்குச் சோதனை வேண்டும். ஆனால் காலில் வீக்கமும் நடந்தால் மூச்சிரைப்பும் உள்ள முதியவருக்கு, பட்டியலில் மூன்றாவது என்பதற்காகத் தையசைடைத் தள்ளிப்போடுவதற்கு ஆல்ஹாட் இடம் கொடுக்கவில்லை. பட்டியல் ஊருக்கு, அவருக்கு உரிய மருந்து அவருடைய இதயத்துக்கு.

ஒற்றை மருந்தின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலோருக்கு இரண்டு தேவைப்படுவதால், இரண்டு மருந்தைச் சிறு அளவில் ஒரே மாத்திரையாகச் சேர்ப்பதே இன்றைய போக்கு. மருந்தளவைப் பாதியாக்கினாலும் பலனில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, பக்கவிளைவோ வெகுவாகக் குறைகிறது என்பதை 354 ஆய்வுகளைத் தொகுத்து 2003லேயே காட்டிவிட்டார்கள். எந்த இணை நமக்குச் சிறந்தது என்பதை 'டாப்ஸ்பின்' ஆய்வு இந்திய மண்ணிலேயே சோதித்தது. 32 மையங்களில் 1,981 பேர். அம்லோடிபினும் பெரிண்டோப்ரிலும், பெரிண்டோப்ரிலும் இண்டபமைடும், அம்லோடிபினும் இண்டபமைடும் என்று மூன்று இணைகள். இண்டபமைடு தையசைடுக்கு நெருங்கிய உறவு. ஆறு மாதம் கழித்து நாள் முழுதும் அழுத்தத்தை அளந்து பார்த்ததில் மூன்று இணைகளும் சமம், ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்குக் கட்டுப்பாடும் கிடைத்தது. எந்த இணையைக் கொண்டும் தயங்காமல் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதற்கு இது நல்ல ஆதாரம். மூன்று இணைகளும் இதயத்தைச் சமமாகக் காக்கின்றன என்று மட்டும் இதிலிருந்து சொல்லிவிடாதீர்கள். அங்கே அளந்தது ஆறு மாத அழுத்தம். டாக்சசோசினும் அழுத்தத்தைக் குறைத்த மருந்துதான். இருவருக்கு இருந்த இடத்தில் நால்வருக்கு இதயம் தளர்வதைக் கண்டுபிடிக்க இருபத்துநாலாயிரம் பேரும் மூன்று ஆண்டுகளுக்கு மேலான காலமும் தேவைப்பட்டன.